ஒப்பலூசஸ்: மூன்று சபைகளின் ஊர்

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், லாஃபயெட் நகரத்திலிருந்து வடக்கே காரில் அரை மணி நேரம் போனால் ஒப்பலூசஸ் வந்துவிடும். மக்கள்தொகை 16 ஆயிரத்தை ஒட்டி. நான்கில் மூன்று பங்குக்குக் குறையாமல் கறுப்பின மக்கள். 1720 வாக்கில் பிரெஞ்சுக்காரர்களின் வணிகத் தங்கலாகத் தொடங்கிய ஊர் இது. பெயர் அதற்கு முன்பே அங்கே வாழ்ந்த பூர்வகுடிகளுடையது. சுற்றிலும் மேடுபள்ளம் அதிகமில்லாத நிலம். நெல் விளைகிறது, அறுப்பு முடிந்த வயலில் தண்ணீர் கட்டி, இறால் போன்ற கிராஃபிஷை வளர்த்துப் பிடிக்கிறார்கள். சர்க்கரைவள்ளிக் கிழங்குக்கு 1946இலேயே திருவிழா தொடங்கிய மண்.

இசை தெரிந்தவர்களுக்கு ஒப்பலூசஸ் என்றால் ஸைடிகோ. அக்கார்டியனும், மார்பில் சட்டைபோல மாட்டிக்கொண்டு சுரண்டி ஒலியெழுப்பும் நெளிதகடும் சேர்ந்து ஓட்டும் ஆட்ட இசை அது. பிரெஞ்சு பேசிய கறுப்பின உழவர்களின் வீட்டு விருந்துகளில் பிறந்தது. அதன் அரசர் என்று கொண்டாடப்படும் கிளிஃப்டன் ஷெனியர் 1925இல் இந்த ஊர்ப்பக்கம் பிறந்தவர். உலகத்தின் ஸைடிகோ தலைநகரம் என்று ஊரே தன்னை அழைத்துக்கொள்கிறது. லூசியானா சமையலை உலகறியச் செய்த பால் புரூடோமும் இங்கேதான், 13 பிள்ளைகள் இருந்த உழவர் வீட்டில் கடைக்குட்டியாகப் பிறந்தார். வெண்டைக்காய் போட்டுக் கொதிக்கும் கம்போ, அரிசியும் பன்றி இறைச்சியும் அடைத்த பூடான் என்று சாப்பாட்டைப் பற்றி மட்டுமே தனிக் கட்டுரை எழுதலாம். பயண நூல்கள் அதைத்தான் எழுதுகின்றன. எனக்கு இந்த ஊர் முக்கியமாவது அதன் சபைகளால்.

2019 மார்ச் 26. ஒப்பலூசஸுக்குக் கிழக்கே உள்ள போர்ட் பாரி என்ற சிற்றூரில் செயின்ட் மேரி பாப்டிஸ்ட் ஆலயம் எரிந்தது. ஏப்ரல் 2, ஒப்பலூசஸில் கிரேட்டர் யூனியன் பாப்டிஸ்ட் ஆலயம். ஏப்ரல் 4, அதே ஊரில் மவுண்ட் பிளசன்ட் பாப்டிஸ்ட் ஆலயம். பத்தே நாளில் மூன்று. மூன்றும் கறுப்பின மக்களின் சபைகள். மூன்றுக்கும் வயது நூறுக்கு மேல். ஆலயங்களில் அப்போது ஆள் இல்லாததால் உயிர்ச்சேதம் இல்லை. கட்டடங்கள் மிஞ்சவில்லை.

இப்படி ஒரு தீ நடந்ததும் ஆறுதல் சொல்பவர்கள் எல்லாரும் ஒரே வாக்கியத்தைச் சொல்வார்கள்: கட்டடம்தான் போனது, சபை போகவில்லை. வேதத்தின்படி அது சரிதான். ஆனால் வெளியிலிருந்து அதை இலேசாகச் சொல்லிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. இந்த ஊரில் ஒரு கறுப்பினச் சபைக்குக் கட்டடம் என்பது என்ன என்று தெரிந்தால் அந்த வாக்கியம் அவ்வளவு எளிதாக வாயில் வராது.

1868க்குப் போக வேண்டும். அடிமைமுறை ஒழிந்து மூன்றாண்டுகள். விடுதலை பெற்ற ஆண்கள் வாக்களிக்கத் தொடங்கியிருந்தார்கள். செப்டம்பர் 28 அன்று, கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துவந்த, 'செயின்ட் லாண்ட்ரி புராக்ரெஸ்' என்ற செய்தித்தாளில் எழுதிவந்த எமர்சன் பென்ட்லி என்ற வெள்ளை இளைஞரை, அவர் எழுதியதற்காக வெள்ளையர் மூவர் பள்ளிக்கூடத்திலேயே அடித்தார்கள். அவர் செத்துவிட்டார் என்று வதந்தி பரவியது. அவருக்காக ஆயுதத்தோடு ஊருக்குள் வந்த கறுப்பினத்தவர்களைப் பிடித்துச் சிறையில் அடைத்து, அவர்களில் பெரும்பாலோரை மறுநாள் சுட்டுக் கொன்றார்கள். அதன்பின் வாரக்கணக்கில் வேட்டை நடந்தது. இறந்தவர்கள் 200 பேருக்கு மேல் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கணிக்கிறார்கள். நவம்பரில் குடியரசுத் தலைவர் தேர்தல் வந்தபோது, விடுதலை பெற்றவர்கள் ஆதரித்த யுலிசஸ் கிரான்ட்டுக்கு, ஒப்பலூசஸ் அடங்கிய செயின்ட் லாண்ட்ரி வட்டாரம் முழுவதிலும் ஒரு வாக்குகூட விழவில்லை.

வாக்குரிமை இருந்தும் இல்லாமல் போனது. பள்ளிக்கூடம் ஆபத்தானது. நீதிமன்றத்தில் இடமில்லை. அப்படிப்பட்ட மண்ணில் தங்களுக்கென்று பூட்டும் சாவியும் வைத்துக்கொள்ள முடிந்த பொது இடம் ஆலயம் ஒன்றுதான். பாப்டிஸ்ட் சபைகளுக்கு மேலே கட்டடம் கட்டித்தரப் பேராயரோ மறைமாவட்டமோ கிடையாது. நிலம் வாங்குவது, கடன் வாங்குவது, போதகரைத் தேர்ந்தெடுப்பது எல்லாம் சபையாரின் பொறுப்பு. இத்தகைய சபைகளில் ஒரு புதுக் கூரைக்காக ஆண்டுக்கணக்கில் மீன் பொரித்து விற்பார்கள், சாப்பாட்டுப் பொட்டலம் விற்பார்கள், வாராவாரம் காணிக்கையில் தனியாக எடுத்துவைப்பார்கள். பாட்டி ஞானஸ்நானம் பெற்ற தொட்டியில் பேத்தியும் முழுக்கு ஞானஸ்நானம் பெறுவாள். கல்யாணமும் சாவும் அதே கூரையின் கீழ். எரிந்தது அத்தனை தலைமுறைகளின் கைக்காசு.

அதனால்தான் இவர்களை அச்சுறுத்த நினைத்தவர்கள் எப்போதும் ஆலயத்தைத் தேடிவந்தார்கள். 1963இல் பர்மிங்ஹாமில் 16ஆம் தெரு பாப்டிஸ்ட் ஆலயத்தில் வைத்த குண்டு நான்கு சிறுமிகளைக் கொன்றது. 1964இல் மிசிசிப்பியின் லாங்டேலில் மவுண்ட் சையன் ஆலயத்தைக் கு கிளக்ஸ் கிளான் ஆட்கள் எரித்தார்கள். அதைப் பார்வையிட்டுத் திரும்பிய மூன்று உரிமைப் போராளிகளைச் சில நாட்களில் கொன்றார்கள். 1990களில் தெற்கு மாநிலங்களில் ஆலயங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்த பிறகு, 1996இல் அமெரிக்க நாடாளுமன்றம் இதற்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. 2019 ஏப்ரல் தொடக்கத்தில் செயின்ட் லாண்ட்ரி வட்டாரத்து முதியவர்கள் தூக்கமின்றிக் கிடந்தார்கள் என்றால் அது வெறும் பயமல்ல, நினைவு.

ஏப்ரல் 10 அன்று 21 வயது வெள்ளை இளைஞன் ஒருவன் கைதானான். அப்பா அதே வட்டாரத்துக் காவல்துறையில் துணை அதிகாரி. 1990களில் நார்வேயில் 'பிளாக் மெட்டல்' இசை வட்டத்தைச் சேர்ந்த சிலர் தேவாலயங்களை எரித்ததைப் பார்த்து, அதே வட்டத்தில் தன் பெயரை உயர்த்திக்கொள்ள எரித்ததாகப் பின்னர் ஒப்புக்கொண்டான். எரிந்துகொண்டிருந்த ஆலயங்களைப் படமெடுத்து முகநூலில் போட்டிருந்தான். ஒன்றரை நூற்றாண்டு உழைப்பு ஒருவனுடைய பெருமைக்கு விறகானது. நிறவெறியைவிட இது சிறிய காரணம் என்று சிலர் நினைக்கலாம். இழந்தவர்களுக்கு அதனால் எதுவும் குறையவில்லை.

கைதுக்கு ஐந்தாம் நாள், ஏப்ரல் 15 மாலை, பாரிஸில் நோத்ர தாம் பேராலயம் தீப்பற்றியது. உலகமே தொலைக்காட்சி முன் அமர்ந்தது. சில நாட்களுக்குள் அதற்குக் கோடிக்கணக்கான யூரோக்கள் வாக்களிக்கப்பட்டன. ஒப்பலூசஸ் பக்கத்துப் பாப்டிஸ்ட் சங்கம் மூன்று சபைகளுக்கும் சேர்த்து இணையத்தில் தொடங்கியிருந்த நிதித் திரட்டல் அதுவரை மெதுவாகத்தான் நகர்ந்தது. பாரிஸுக்காக அழும்போது லூசியானாவையும் நினையுங்கள் என்று பத்திரிகையாளர்களும் தலைவர்களும் சமூக ஊடகங்களில் எழுதியதும் ஓரிரு நாட்களில் 10 லட்சம் டாலர் கடந்தது. ஈஸ்டருக்குள் 18 லட்சம் இலக்கையும் தாண்டியது. கொடுத்தவர்களில் மிகப் பலர் சிறு தொகை கொடுத்த சாமானியர்கள். அவர்களுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் மூன்று ஆலயங்கள் எரிந்தது உலகின் கண்ணில் பட, கடலுக்கு அப்பால் இன்னொன்று எரிய வேண்டியிருந்தது என்பது என்னை உறுத்துகிறது. வந்த பணத்தை மூன்றும் சமமாகப் பகிர்வது என்பது தொடக்கத்திலேயே செய்த முடிவு. எந்தச் சபை பெரிது, யாருக்கு இழப்பு அதிகம் என்ற கணக்குக்கு அங்கே இடம் வைக்கவில்லை.

பணம் வருவதற்கு முன்பே ஞாயிறு வந்துவிட்டது. அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அண்டைச் சபைகள் தங்கள் ஆலயங்களைத் திறந்துகொடுத்தன. இரவல் இடத்தில் பாடகர் குழு நின்றது, காணிக்கைத் தட்டு சுற்றியது. உயிர்த்தெழுதல் ஞாயிறும் அப்படியே. விசுவாசத்தைக் காப்பது என்று நாம் பெரிதாகச் சொல்வதை அவர்கள் செய்த விதம் இது: அடுத்த ஞாயிற்றுக்கிழமையைத் தவறவிடாமல் இருந்தார்கள்.

மன்னிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. போதகர்கள் அந்த இளைஞனை மன்னிப்பதாக வெளிப்படையாகச் சொன்னார்கள். அதற்காக வழக்கைக் கைவிடச் சொல்லவில்லை. 2020 பிப்ரவரியில் அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். நவம்பர் 2 அன்று கூட்டாட்சி நீதிமன்றம் 25 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்து, மூன்று சபைகளுக்கும் சேர்த்து சுமார் 26 லட்சம் டாலர் இழப்பீடும் கட்டச் சொன்னது. மன்னிப்பை நீதிக்கு மாற்றாக அவர்கள் வைக்கவில்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் கையில் வைத்திருப்பது கடினம். 1868 நடந்த ஊரில், கொன்றவர்கள் எவரும் தண்டிக்கப்படாத ஊரில், அது இன்னும் கடினம்.

தீர்ப்புக்கு முந்தைய மாதங்களில் கொரோனா வந்து கூடி வழிபடுவதையே நிறுத்தியது. ஆகஸ்டில் லாரா, அக்டோபரில் டெல்டா என்று இரண்டு புயல்கள் தென்மேற்கு லூசியானாவை அடித்தன. சொந்த ஆலயம் இல்லாத காலம் நீண்டது. மூன்று சபைகளும் கலையவில்லை, வேறு சபையோடு இணைந்தும் விடவில்லை. மீண்டும் கட்டுவது என்ற முடிவிலிருந்து பின்வாங்கவுமில்லை.

சனிக்கிழமை இரவு ஸைடிகோ ஆட்டத்துக்காக வருபவர்கள் ஞாயிறு காலை ஆராதனைவரை தங்குவது நல்லது. பாப்டிஸ்ட் ஆலயத்துக்குப் போகலாம். நாட்டின் பெரிய கறுப்பினக் கத்தோலிக்கப் பங்குகளில் ஒன்றான ஹோலி கோஸ்ட் ஆலயமும் ஊருக்குள்ளேயே இருக்கிறது. கறுப்பின பாப்டிஸ்ட் வழக்கப்படி ஆராதனை நடுவே புதியவர்களை எழுந்து நிற்கச் சொல்வார்கள். பெயரையும், எந்த ஊர், எந்தச் சபை என்பதையும் சொல்ல வேண்டும். கிறிஸ்தவர் அல்லாதவர் ஊர்ப் பெயரைச் சொன்னால் போதும். நேரத்தைக் கணக்குப் பார்த்துக்கொண்டு போகாதீர்கள், ஆராதனை இரண்டு மணி நேரத்தைத் தாண்டலாம்.