குண்டு எட்டிய ஊர்

கடலூரில் குண்டு உப்பலவாடிக்கு அருகே வளர்ந்தவன் நான். அப்பெயரின் முன்னால் நிற்பது பீரங்கிக் குண்டு என்பதைப் பதினாறு வயதில்தான் அறிந்தேன். 1690இல் தேவனாம்பட்டினக் கோட்டையை மராத்தியரிடமிருந்து ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து சுட்ட குண்டு எட்டிய எல்லைவரை உள்ள ஊர்களும் அவர்களுக்கு உரியவாயின. புனித டேவிட் கோட்டை எனப் பெயர்பெற்ற அதனை 1758இல் பிரெஞ்சுப் படை கைப்பற்றித் தகர்த்தது. இன்று கெடிலக் கரையில் இடிபாடுகளே எஞ்சியுள்ளன. குண்டு மட்டும் ஊர்ப்பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அவ்வாண்டே பாட்டியுடன் சிதம்பரம் சென்றேன். கிழக்குக் கோபுர வாயிலின் இருபுறமும் 108 கரணச் சிற்பங்கள். அவற்றுக்குரிய நாட்டிய சாத்திர வரிகளும் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. கால் எவ்வாறு உயர வேண்டும், கை எங்கே நிற்க வேண்டும் என்று கல்லே பாடம் நடத்துகிறது. நான் அண்ணாந்து நின்றேன். பாட்டிக்கோ பசி.

சம்பா சாதமும் கத்தரிக்காய்க் கொத்சுவும் அவ்வூரின் பெயர்பெற்ற இணை. வெந்து மசித்த கத்தரிக்காயில் புளிக்கரைசலும், வறுத்துப் பொடித்த மல்லியும் மிளகாயும் சேரும். ஒரு வாய் உண்டதுமே, "மல்லி கருகிப்போச்சு" என்றார் பாட்டி. அவர் வைக்கும் கொத்சுவுக்கு அளவு கேட்டேன். "அது கைக்குத்தான் தெரியும்" என்றார். நானும் அத்துடன் விட்டுவிட்டேன்.

மூன்றாண்டுகளில் அந்தக் கை மறைந்தது. அம்மாவும் நானும் எத்தனையோ முறை முயன்றுவிட்டோம். சென்ற வாரம் மல்லியைச் சற்று முன்னதாகவே இறக்கினேன். அம்மா விரலால் தொட்டுச் சுவைத்தார். சிறிது நேரம் பேசவில்லை. "கிட்ட வந்துடுச்சு" என்றார்.