பின்பெட்டியில் நிற்பவர்கள்

கல்முனைப் பட்டினத்துத் தேநீர்க் கடைகளில் தீர்த்துவைக்கப்படாத உலக விவகாரம் எதுவும் இல்லை. பலஸ்தீனமும் பாராளுமன்றமும், உரத்தின் விலையும் உதைபந்தாட்டமும் அங்கே ஒரே மேசையில் விசாரிக்கப்படும். தேநீர் ஆறுமுன் தீர்ப்பும் வழங்கப்பட்டுவிடும். 2025 நவம்பரில் ஒரு மாலைப்பொழுது அந்த நீதிமன்றத்தின் முன் வந்த வழக்கு, ஒரு வாகனத்தின் முகத்தைப் பற்றியது.

அம்மாதம் 10ஆந் திகதி பாங்கொக் நகரில் டொயோட்டா நிறுவனம் தனது ஹைலக்ஸ் வண்டியின் ஒன்பதாவது தலைமுறையை வெளியிட்டிருந்தது. தாய்லாந்தில் அதற்கு ஹைலக்ஸ் ட்ராவோ என்று பெயர். எம் கரையோரத்தில் இப்பெயர்களெல்லாம் செல்லா. பின்னால் பெட்டி வைத்த இவ்வகை வண்டி எதுவாயினும் அது 'கெப்', ஆசனம் இரண்டு வரிசையாக இருந்தால் 'டபள் கெப்', அவ்வளவே. அமெரிக்கர் முழு அளவு வண்டி என்று சொல்லும் பூதங்களை எம் தெருக்களில் காண்பதற்கில்லை. இங்கே ஹைலக்ஸ்தான் பெரியது.

நாம் போய் அமர்ந்தபோது வழக்கு சூடேறியிருந்தது. இளைஞர் நால்வர், அவருள் இருவர் எம்மிடம் தமிழ் கற்றவர்கள். கைபேசித் திரையில் புதிய வண்டியின் படம் கைமாறிக்கொண்டிருந்தது.

"கண்ணச் சுருக்கி முறைச்சிக்கிட்டு இரிக்கி மச்சான். பழைய முகத்துல ஒரு மரியாத இரிந்திச்சி" என்றான் ஒருவன்.

"உனக்கென்னடா தெரியும்? இதுதான் ஆம்புள முகம்" என்றான் மற்றவன்.

மூன்றாமவன் நுணுக்கம் அறிந்தவன். "முகத்த மட்டும் மாத்திட்டுக் கதவ அப்பிடியே வெச்சிரிக்கானுகள். பத்து வருசமா என்ன செஞ்சானுகள்?" என்று கேட்டான்.

அவன் சொன்னதில் உண்மை இருந்தது. 2015 இல் வெளிவந்த எட்டாந் தலைமுறையின் அடிச்சட்டமும், 2.8 லீற்றர் டீசல் இயந்திரமும், கதவுகளும் புதியதிலும் தொடர்கின்றன. முகப்பும், உள்ளறையும், ஸ்டியரிங்கை இயக்கும் முறையுமே பெரிதும் மாறியவை. இவற்றை ஒவ்வொன்றாக எடுத்து அவர்கள் வாதாடிய நேர்த்தியைக் கண்டு எமக்கு ஒருபுறம் மகிழ்ச்சி, மறுபுறம் பொறாமை. சிலப்பதிகார வகுப்பில் இந்த வேகத்தில் பாதியைக் காட்டியிருந்தாலும் எம் உழைப்பு வீண்போயிராது என்று எண்ணிக்கொண்டோம்.

அப்போது மூலையில் இருந்த முதியவர் ஒருவர் வாய் திறந்தார். முப்பது வருடங்களுக்கு மேல் மீன் ஏற்றி ஓட்டிய சாரதி அவர். "ஏன்டா தம்பிமாரே, இவ்வளவு கதைக்கிறீங்களே, பின்பெட்டி எத்தின அடி எண்டு ஒருத்தனும் கேக்கல்லியே?"

இளைஞர்கள் சிரித்தார்கள். "அதெல்லாம் இப்ப ஆரு காக்கா பாக்கிற?"

அச்சிரிப்பில் தீய எண்ணம் எதுவும் இல்லை. எனினும் 'அதை யார் பார்க்கிறார்கள்' என்ற சொல் எம்மைச் சில நாட்கள் உறங்கவிடவில்லை.

இவ்வண்டியின் ரசிகர்களை நாம் இகழ வரவில்லை. இயந்திரத்தின் மேல் மனிதன் கொள்ளும் அன்பு, அடிப்படையில், உழைப்பின் மேல் கொள்ளும் அன்பேயாகும். 1968 இல் ஜப்பானில் பிறந்தபோது ஹைலக்ஸ் ஒரு தொன் பாரம் சுமக்கும் வேலை வண்டி. கெடாது, கெட்டாலும் சாதாரணக் கருவிகளைக்கொண்டு திருத்திவிடலாம் என்பதே அது உலகெங்கும் சம்பாதித்த நற்பெயர். 2003 இல் பி.பி.சி. தொலைக்காட்சியின் டொப் கியர் நிகழ்ச்சியினர் பழைய ஹைலக்ஸ் ஒன்றைக் கடல் நீரில் அமிழவிட்டார்கள்; தீ வைத்தார்கள்; இடித்துத் தகர்க்கப்படும் கட்டிடத்தின் உச்சியில் ஏற்றிவைத்து அதனோடு வீழ்த்தினார்கள். ஒவ்வொரு முறையும் அது மீண்டும் ஓடியது. அதைக் கண்டு கைதட்டிய கோடிக்கணக்கானோர் மெச்சியது அதன் முகத்தையன்று. சாகாத உழைப்பையே மெச்சினார்கள். ஆகவே புதிய முகத்தைக் கண்டு ரசிகன் முணுமுணுக்கும்போது, அவன் நெஞ்சின் ஆழத்தில் நியாயமான ஓர் அச்சம் இருக்கிறது. வேலைக்காரனாய் இருந்தவன் மினுக்கித் திரியப் புறப்பட்டுவிட்டானோ என்னும் அச்சம் அது.

விந்தை என்னவெனில், உயர்வு, சுகம் என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களை ஒட்டித்தான் 'ஹைலக்ஸ்' என்ற பெயரே செய்யப்பட்டது. பாரம் சுமக்கப் பிறந்த வண்டியின் பெயரில் சுகம் அன்றே குடியேறிவிட்டது. யாருடைய சுகம் என்பதற்கு வண்டியின் அளவுகளே விடை கூறும். ஒற்றை வரிசை ஆசனமுள்ள கெப்பின் பின்பெட்டி ஏறத்தாழ ஏழரை அடி நீளம். டபள் கெப்பிலோ அது சுமார் ஐந்தடிதான். முன்னால் இருப்பவர்களுக்குக் கூடிய இடம், பின்னால் வைக்கும் பாரத்திலிருந்து எடுத்துக் கொடுக்கப்பட்டது. முதியவரின் கேள்வியில் இந்தக் கணக்கு முழுவதும் அடங்கியிருந்தது.

எம் கரையோரத்துக்கு டபள் கெப் அதிகாரத்தின் உருவமாக அறிமுகமான காலமும் நினைவுகூரத் தக்கது. 2004 டிசம்பர் 26ஆந் திகதி மருதமுனை முதல் பொத்துவில் வரை கடல் ஏறிவந்து எம் மக்களை வாரிக்கொண்டு போயிற்று. அதன் பின்னர் வந்த மாதங்களில், நிறுவனக் கொடிகள் பறக்க, வெள்ளை நிற டபள் கெப்கள் வரிசை வரிசையாக எம் வீதிகளில் ஓடின. கூடாரங்களின் வாயிலில் நின்ற தாய்மார்களுக்கு அவ்வண்டியின் கதவு திறக்கும் ஓசையே ஒரு செய்தியாக இருந்தது. யார் இறங்குகிறார், கையில் என்ன பட்டியல் இருக்கிறது என்றே எல்லாக் கண்களும் பார்த்தன. உதவி செய்ய வந்தோர் பலர் நல்லவர்கள். அதை நாம் மறக்கவில்லை. ஆயினும் சாரமும் சட்டையுமாக நிற்பவன் வெயிலில் காத்திருப்பான், முடிவு செய்பவர் குளிரூட்டிய வண்டியில் வருவார் என்னும் பாடத்தை அந்த வண்டிகளும் எம் பிள்ளைகளுக்குக் கற்பித்தன. அன்று தெருவோரத்தில் நின்ற சிறுவர்கள் இன்றைய இளைஞர்கள். அவர்கள் முகத்தைப் பார்ப்பதில் வியப்பென்ன?

நாட்டின் நிலையும் இந்த ஆசைக்கு நெய் வார்த்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 ஏப்ரல் 12ஆந் திகதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அரசு அறிவித்தது. அவ்வாண்டில் டீசலுக்காக இரவு பகலாய்க் கிடந்த வரிசைகளில் மீன் லொறியும் உழவு இயந்திரமும் நின்றதை யார் மறப்பர்? 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் கதவு மீண்டும் திறக்கப்பட்டது. ஆனால் வரிகளோடு சேர்ந்த விலை, வட்டையில் இறங்கிப் பாடுபடுபவனின் ஆயுள் வருமானத்தையும் விஞ்சி நின்றது. ஆக, எம் இளைஞர்கள் தீர்ப்புக் கூறியது அவர்கள் ஒருநாளும் வாங்கப்போகாத ஒரு பொருளின் முகத்துக்கு. வாங்க இயலாதவனுக்குப் பார்ப்பதற்கு விடப்பட்டிருப்பது முகம் ஒன்றுதானே!

இது எம் ஊரின் வழக்கு மட்டுமன்று. ஐக்கிய அமெரிக்காவில் ஃபோர்ட் நிறுவனம் 2014 ஜனவரியில் தனது எஃப்-150 வண்டிக்கு அலுமினிய உடல் கொடுத்தபோது அந்நாட்டு ரசிகர்களும் இரு கட்சியாகப் பிரிந்தார்கள். பானக் குவளையின் தகரம் பாரம் தாங்குமா என்று கேலி செய்தார்கள். 2016 இல் போட்டி நிறுவனமான செவ்ரோலே அவ்வண்டியின் பின்பெட்டியில் கற்களைக் கொட்டி, அது ஓட்டையாவதைப் படமெடுத்து விளம்பரம் செய்தது. அங்கே பின்பெட்டியாவது பேசப்பட்டது என்று நாம் ஆறுதல் கொள்ளலாம். ஆனால் அவ்வண்டிகளின் முகங்கள் ஆண்டுதோறும் உயர்ந்து வந்ததற்கு யார் விலை கொடுத்தார்கள்? நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான அந்நாட்டுக் காப்புறுதி நிறுவகம் 2023 நவம்பரில் வெளியிட்ட ஆய்வொன்று அதற்கு விடை கூறுகிறது. பொனெட்டின் முன்விளிம்பு 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டிகள் பாதசாரியின் மேல் மோதினால், 30 அங்குலத்துக்கு மேற்படாத சரிவான முகப்புடைய வண்டிகளைவிட, உயிரிழப்பை விளைவிக்கும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம். முகத்தின் கம்பீரத்தை வாங்குபவன் ஒருவன். அதற்கு உயிரை ஈடாகக் கொடுப்பவன் தெருவைக் கடக்கும் வேறொருவன்.

இவ்வளவும் பிறரைப் பற்றிச் சொன்னோம். எம்மைப் பற்றியும் சொல்லாவிடில் இக்கட்டுரை நேர்மையற்றதாகிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விளையாட்டுப் போட்டிக்காக மாணவர்களை அயலூருக்கு அழைத்துச் சென்றோம். பஸ்ஸுக்குப் பணம் போதவில்லை. நலன்விரும்பி ஒருவர் தமது கெப்பைத் தந்தார். பதினெட்டுப் பிள்ளைகள் பின்பெட்டியில் ஒருவர் தோளை ஒருவர் பற்றியபடி நின்றார்கள். 'சேர்' ஆகிய நாம் முன்னாசனத்தில், குளிர்காற்றில், சாரதியோடு உரையாடிக்கொண்டு போனோம். வளைவுகளில் பின்னாலிருந்து கூச்சல் எழும். குதூகலம் என்று எண்ணிக்கொண்டோம். திரும்பி வந்து இறங்கியபோது ஒரு சிறுவன் கைகளை விரிக்க இயலாமல் நின்றான். கம்பியைப் பிடித்த பிடியில் விரல்கள் விறைத்திருந்தன. "பயந்தியாடா?" என்று கேட்டோம். "இல்ல சேர்" என்றான். மாணவன் ஆசிரியனுக்குச் சொல்லக்கூடிய விடை அது ஒன்றே. அன்று நாமும் அதை நம்பினோம்; நம்புவது எமக்கு வசதியாக இருந்தது.

2024 நவம்பர் 26ஆந் திகதி அந்த வசதி முடிவுற்றது. பெருவெள்ளம் காரைதீவு - மாவடிப்பள்ளி வீதியை மூடி ஓடிக்கொண்டிருந்தபோது, வீடு திரும்பும் மத்ரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் ஒன்று வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. பிள்ளைகள் சிலர் மீட்கப்பட்டார்கள்; பலர் மையித்தாகவே கண்டெடுக்கப்பட்டார்கள். சம்மாந்துறை அழுதது, கரையோரம் முழுவதும் அழுதது. நெல்லும் உரமும் ஏற்றுவதற்கென்று செய்யப்பட்ட பெட்டியில் எம் பிள்ளைகள் ஏன் ஏறினார்கள்? வேறு வழி அவர்களுக்குத் திறந்திருக்கவில்லை என்பதே விடை. அந்த இரவில் எமக்கு நினைவு வந்தது விறைத்துப்போன பத்து விரல்கள்.

அறுவடைக் கூலிகள், கரைவலை இழுப்போர், கட்டிட வேலைக்குப் போகும் இளைஞர், பள்ளிப் பிள்ளைகள் எனப் பின்பெட்டியில் பயணிக்கும் உலகம் ஒன்று இருக்கிறது. வண்டியை வரைபவனின் மேசையில் இவர்களுக்கு இடமில்லை. வண்டியை விமர்சிப்பவனின் நாவிலும் இல்லை. முகம் மாறுகிறது, திரை அகலுகிறது, ஆசனம் மெத்தையாகிறது. பின்னால் நிற்பவன் பிடித்துக்கொள்ளும் கம்பி மட்டும் அன்றும் இன்றும் ஒன்றே. வண்டியைத் திருத்துவதால் மாத்திரம் இது தீராது என்பதையும் அறிவோம். பெட்டியில் ஏறவேண்டிய தேவையே இல்லாதவாறு வட்டைக்கும் பள்ளிக்கும் பஸ் ஓடவேண்டும். வெள்ளம் மூடாத பாலம் வேண்டும். அவை கேட்டுப் பெறவேண்டியவை. ஆனால் பெட்டியை ஏறிட்டும் பாராதவன் பஸ்ஸை எவ்வாறு கேட்பான்?

அடுத்த வாரம் அதே தேநீர்க் கடையில் வழக்கு தொடர்ந்தது. இம்முறை பேச்சு, புதிய ஹைலக்ஸின் மின்சார வடிவத்தைப் பற்றியது. 59.2 கிலோவாட் மணி மின்கலம். பாரம் சுமார் 715 கிலோ. நுணுக்கம் அறிந்த இளைஞன் இவற்றை ஒப்புவித்தான். பழைய சாரதி விரல்விட்டு எண்ணினார். "மூட அறுவத்தஞ்சு கிலோ எண்டா பதினொரு மூட நெல்லு. டீசல் வண்டிக்குப் பதினஞ்சு மூட. நாலு மூட ஆரு தோள்ல ஏறப்போகுது தம்பி?"

இம்முறை எவரும் சிரிக்கவில்லை. இளைஞன் சற்று நேரம் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு திரையை விரலால் நகர்த்தி, வண்டியின் பின்புறப் படத்தைத் தேடி எடுத்தான்.

எம் பாடசாலைப் பிள்ளைகளை இப்போது பஸ்ஸிலேயே அழைத்துச் செல்கிறோம். பணம் போதாதபோது ஆசிரியர்கள் பங்கிட்டுக் கொடுக்கிறோம். அதுவும் போதாதபோது இரண்டு தடவையாகப் போகிறோம். இது பெருமைக்குரிய செயலன்று. காலந் தாழ்ந்து செய்த கடமை. வகுப்பில் கட்டுரை எழுதப் பணிக்கும்போது ஒரு பொருளையும் சேர்த்துக்கொண்டோம்: ஒரு வாகனத்தைப் பற்றி, அதன் பின்பெட்டியில் நிற்பவர் எழுதுவதாக எழுதுக. சென்ற தவணையில் ஒரு மாணவி எழுதிய முதல் வாக்கியம் இது: "எங்கள் வண்டியின் முகம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாது, நான் எப்போதும் அதன் முதுகில்தான் ஏறுகிறேன்."