இரட்டைக் கயிறும் இரு கயிறும்

ஆங்கிலத்தில் எழுதுவதென்றால் எனக்கு இரவல் சட்டை போட்டுக்கொள்வது மாதிரி. எங்கே பிடிக்கிறது, எங்கே தொங்குகிறது என்று பிறர் சொல்லித்தான் தெரியும்.

நாமக்கல் நண்பர் ஒருவர், வடநாட்டு விருந்தினர்களுக்காகக் கவலைக் கிணற்றைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பக்கம் கேட்டார். ஆங்கில நூல்களில் இதற்கு வடக்கேயிருந்து வந்த 'மோட்' என்ற பெயர் உண்டு. எனக்கு அது போதவில்லை. 'டபிள் ரோப் லிஃப்ட்' என்று எழுதினேன். என்ன கம்பீரம்!

அதோடு சும்மா இருந்திருக்கலாம். ராசிபுரம் பக்கம் ஒரு கிணற்றை நேரில் பார்க்கப் போனேன். 1934-ல் மேட்டூர் அணை கட்டி முடிந்த பின்னும், இந்த மேட்டு நிலங்கள் கிணற்றைத்தான் நம்பியிருந்தன. இப்போது மோட்டார் இறைக்கிறது. கவலையின் கல்தூண்கள் மட்டும் நிற்கின்றன. அருகில் இருந்த பெரியவர் இளமையில் மாடு ஓட்டியவர்.

"என்னங்க எழுதியிருக்கீங்க?" என்றார்.

"இரட்டைக் கயிற்று ஏற்றம்" என்று தமிழில் சொன்னேன்.

பெரியவர் சிரித்துவிட்டார். "ஏனுங்க, ரெண்டு கயிறும் ஒரே வேலை பார்த்தா தண்ணி எப்படிங்க வெளியே வரும்?"

பிறகு கையாலேயே காட்டினார். தடித்த வடக்கயிறு மேல் உருளையில் ஓடி, சாலைத் தூக்குகிறது. மெல்லிய வால்கயிறு கீழ் உருளையில் ஓடி, சாலின் அடியிலுள்ள தோல் தும்பியை மடக்கிப் பிடித்துக்கொண்டே வருகிறது. மாடுகள் சரிவின் அடிக்குப் போனதும் தும்பி தொட்டிக்குள் நீள்கிறது, தண்ணீர் கொட்டுகிறது. ஒன்று சுமக்கும், மற்றது காக்கும், தக்க சமயத்தில் திறக்கும்.

எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று. 'டபிள் ரோப்' என்றால், பலத்துக்காக ஒரு கயிற்றையே இரண்டாக மடித்தது என்றுதான் படிப்பவர் நினைப்பார். வேறு வேறு வேலை செய்யும் இரண்டு கயிறுகளுக்கு 'டூ ரோப்' என்பதே சரி.

வீடு திரும்பி, 'டூ ரோப்ஸ் லிஃப்ட்' என்று திருத்தினேன். அதுவும் பிழை! எண்ணும் பெயரும் சேர்ந்து இன்னொரு பெயருக்கு அடைமொழியாக முன்னே நின்றால், பன்மை விகுதி உதிர்ந்துவிடும். இடையில் ஒரு சிறு கோடு வரும். 'டூ-ரோப் லிஃப்ட்'. பின்னே நின்று, 'இரண்டு கயிறுகள் உடைய ஏற்றம்' என்ற முறையில் எழுதினால் விகுதி திரும்பிவிடும். இதில் ஆங்கிலேயரைக் குறை சொல்ல வழியில்லை. நாமும் நான்கு கால் உள்ளதை நாற்காலி என்கிறோமே தவிர, 'நான்குகால்களி' என்றா சொல்கிறோம்?

ஓர் எழுத்துக்கும் ஒரு கோட்டுக்கும் இவ்வளவு பாடா என்று நீங்கள் கேட்கலாம். அந்த விருந்தினர்கள் கவலை இறைத்துப் பார்க்கப் போவதில்லை. அந்தப் பெரியவர் ஆண்டுக்கணக்கில் மாட்டின் பின்னே நடந்த நடையை, அந்த ஒரு பக்கத்தில்தான் அவர்கள் காண வேண்டும். அதில் என் 'டபிள்' நின்றிருந்தால், சால் மேலே வந்திருக்கும். தண்ணீர் மட்டும் வந்திராது.