இருமினால் தையல் பிரியுமா?

வயிற்றில் ஆபரேஷன் முடிந்து படுத்திருப்பவரைப் பார்க்க வருகிறவர்கள் தவறாமல் சொல்வது: "இருமிடாதீங்க, தையல் பிரிஞ்சிடும்." நல்ல மனசோடு சொல்வதுதான். ஆனால் சிக்கலே அங்கேதான்.

வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விட்டால் நுரையீரலின் அடிப்பகுதிக்குக் காற்று சரியாகப் போவதில்லை. அங்குள்ள காற்றறைகள் சுருங்கிவிடும். சளியும் தேங்கினால் நிமோனியா வரை போகலாம். தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமினால் வலியும் குறையும், தையலும் தாங்கும். மூன்று பந்து உள்ள அந்த பிளாஸ்டிக் கருவியைக் கொடுத்தால் பலர் ஊதித் தள்ளுகிறார்கள் (பலூன் ஞாபகம் போலிருக்கிறது!). அதை உறிஞ்ச வேண்டும்.

இதையெல்லாம் எப்போது சொல்லித்தருவது? ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் 441 பேரிடம் நடந்த ஆய்வு ஒன்று 2018-ல் வெளியானது. மேல்வயிற்று ஆபரேஷனுக்கு முன்பே பிசியோதெரபிஸ்ட் அரை மணி நேரம் உட்கார்ந்து மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தவர்களில் 12 சதவீதம் பேருக்குத்தான் நுரையீரல் தொல்லை வந்தது. கையேடு மட்டும் பெற்றவர்களில் 27 சதவீதம்! புது மருந்தில்லை, மெஷினில்லை. வெறும் அரை மணி நேரம். ஆபரேஷன் முடிந்து வலியில் முனகுகிறவரிடம் பாடம் நடத்தினால் காதில் ஏறுமா என்ன?