சலாம் சொல்லி நுழையுங்கள்

எங்கள் அத்தா 1980களில் துபாயில் பணிபுரிந்தார்கள். தொலைபேசியில் பேசுவது அரிதாக இருந்த காலம். ஒலிநாடாவில் பேசிப் பதிவு செய்து, விடுமுறையில் ஊர் திரும்புவோரிடம் கொடுத்தனுப்புவது வளைகுடாவுக்குச் சென்ற பலருடைய வழக்கமாக இருந்தது. அத்தாவும் அவ்வாறே அனுப்பினார்கள். ஒவ்வொரு நாடாவும் சலாமுடன் தொடங்கும். எங்கள் பெரம்பூர் வீட்டில் அம்மா அந்தச் சலாமுக்கு வாய்விட்டுப் பதில் சொன்ன பிறகே மேற்கொண்டு கேட்பார்கள்.

அத்தா மவுத்தான பிறகு அந்த நாடாக்களைக் கணினியில் ஏற்றினேன். பல நாடாக்கள் பூஞ்சை பிடித்திருந்தன. ஒருமுறை ஓடியதோடு அவற்றின் ஆயுள் முடிந்தது. பழைய மேசைக் கணினி ஒன்றில் ரிச்சி தெருவில் வாங்கிய வன்தட்டைப் பொருத்தி, லினக்ஸ் நிறுவி, அதனை வீட்டின் சர்வராக ஆக்கினேன். அத்தாவின் குரல், திருமணப் படங்கள், வீட்டுப் பத்திரத்தின் நகல் யாவும் அதிலுள்ள பொதுக் கோப்புறையில் சேர்ந்தன. வியாழன் தோறும் மஃரிபுக்குப் பின் அம்மா தம் மடிக்கணினியில் அதைத் திறந்து, அத்தாவின் குரலைக் கேட்பது வழக்கமாயிற்று.

சென்ற ஆண்டு அம்மாவின் மடிக்கணினி பழுதானதால் புதியது ஒன்று வாங்கினோம். அந்த வியாழனன்று கோப்புறை திறக்கவில்லை. "அத்தாவுடைய குரல் போய்விட்டதா தம்பி?" என்று அம்மா கேட்டார்கள். எனக்குப் பதில் வரவில்லை. வேறு பிரதி எதுவும் நான் எடுத்து வைத்திருக்கவில்லை என்பது அப்போதுதான் நெஞ்சில் உறைத்தது.

என் மகள்தான் பதறாமல் ஆராய்ந்தாள். முதலில் சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்தாள், விளக்குகள் எரிந்தன. பெயரால் அழைத்தால் கிடைக்காத சர்வர் சில வேளைகளில் அதன் எண்முகவரியால் அழைத்தால் கிடைக்கும் என்று சொல்லி, எண்ணை இட்டுப் பார்த்தாள். சர்வர் பதிலளித்தது, கோப்புறை மட்டும் திறக்கவில்லை. பிறகு தன்னுடைய பழைய கணினியிலிருந்து முயன்றாள். உடனே திறந்தது. அல்ஹம்துலில்லாஹ்! வன்தட்டும் நலம், கம்பியும் நலம், அத்தாவின் குரலும் நலம். புதிய கணினி மட்டுமே உள்ளே போக மறுக்கிறது.

அதன் திரையில் வந்த செய்தியை மகள் எனக்கு விளக்கினாள். உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கைப்படி, அடையாளம் நிரூபிக்கப்படாத விருந்தினர் நுழைவு தடுக்கப்பட்டுள்ளது என்பதே அதன் பொருள். "நம் வீட்டில் ஏதம்மா நிறுவனம்?" என்று நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "அத்தா, நம் சர்வருக்குப் பூட்டே போடாமல் வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டாள்.

உண்மை அதுதான். கணினிகள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் எஸ்.எம்.பி. என்னும் முறை 1980களில் ஐ.பி.எம். நிறுவனத்தில் உருவானது. ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1992இல் தொடக்கமிட்ட சாம்பா என்னும் இலவச மென்பொருள், பிற கணினிகளும் அம்முறையில் விண்டோஸுடன் பேச வழிசெய்தது. எங்கள் சர்வரில் இருப்பதும் அதுவே. அதில் விருந்தினர் நுழைவு என்றொரு வசதி உண்டு; பெயரும் கடவுச்சொல்லும் இன்றி எவரும் உள்ளே வரலாம். எளிதாக இருக்கட்டுமென்று அதைத் திறந்து வைத்தவன் நானே.

2017 மே மாதத்தில் வான்னாக்ரை என்னும் தீநிரல், இந்த முறையின் பழைய பதிப்பிலிருந்த ஓட்டை வழியாக 150க்கும் மேற்பட்ட நாடுகளில் பரவி, பிரிட்டனின் மருத்துவமனைகளையும் முடக்கியது. அக்காலம் தொட்டு விண்டோஸில் கதவுகள் ஒவ்வொன்றாக இறுகின. 2017இல் பெருநிறுவனங்களுக்கும் கல்விக்கூடங்களுக்குமான பதிப்புகளில் தடுக்கப்பட்ட விருந்தினர் நுழைவு, 2024இல் வெளியான விண்டோஸ் 11இன் 24ஹெச்2 வெளியீட்டில் ப்ரோ பதிப்பிலும் தடுக்கப்பட்டது. அம்மாவின் புதிய கணினியில் இருந்தது அதுவே.

செய்தி அறிந்த என் தங்கை மகன், "மாமா, அந்தப் பாதுகாப்பை அணைத்துவிட்டால் ஐந்து நிமிடத்தில் திறந்துவிடும்" என்றான். அவன் சொன்னது சரிதான்; அப்படி அணைக்க வழியுண்டு. அம்மாவின் முகத்தைப் பார்த்த எனக்கும் அதுவே போதுமென்று தோன்றியது. மகள் குறுக்கிட்டாள். "மாடியில் குடியிருப்போரின் பிள்ளைகளுக்கு நம் வைஃபை கடவுச்சொல் தெரியும். பெருநாளுக்கு வந்த விருந்தினருக்கும் தெரியும். அவர்களில் யார் வேண்டுமானாலும் என் நிக்காஹ் படங்களைத் திறந்திருக்கலாம். பெண்கள் மட்டும் கூடியிருந்தபோது எடுத்த படங்கள், அத்தா."

எனக்கு நாணமாக இருந்தது. திருமறையின் அந்நூர் அத்தியாயம் 27ஆம் வசனத்தில், பிறர் இல்லங்களில் நுழையுமுன் அனுமதி பெறவும், அவ்வில்லத்தாருக்குச் சலாம் கூறவும் இறைவன் பணிக்கிறான். ஒரே வீட்டில் வாழும் சிறுவரும்கூட மூன்று நேரங்களில் அனுமதி கேட்க வேண்டும் என்கிறது 58ஆம் வசனம். வாசற்கதவுக்குத் திரை போட்டுப் பேணிய நான், இந்தக் கதவை ஆண்டுக்கணக்கில் திறந்து போட்டிருந்தேன். யாரேனும் பார்த்தார்களா என்பதை அல்லாஹ்வே அறிவான்.

ஆகவே நேர்வழியில் சீர்செய்தோம். விருந்தினர் நுழைவை மூடி, வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் தனிப்பெயரும் கடவுச்சொல்லும் அமைத்தோம். அப்போதும் திறக்கவில்லை. லினக்ஸில் ஒருவருக்குக் கடவுச்சொல் இருந்தாலும், சாம்பா தனக்கென வேறொரு பட்டியல் வைத்திருக்கிறது. அதிலும் தனியே பதிய வேண்டும். பதிந்தோம். மீண்டும் மறுப்பு. விண்டோஸ் ஒரே சர்வருடன் ஒரே நேரத்தில் இருவேறு பெயர்களில் இணைவதில்லை. முந்தைய முயற்சியின் இணைப்பை அது விடாமல் பிடித்திருந்தது. கணினியை அணைத்துத் தொடங்கியதும் அத்தடையும் நீங்கியது.

நிக்காஹ் படங்கள் மகளின் பெயருக்கும் என் மனைவியின் பெயருக்கும் மட்டுமே திறக்கும். பத்திர நகல் என் பெயருக்கு மட்டும். அத்தாவின் குரல் எல்லோருக்கும் உண்டு. ஆனால் கேட்க மட்டுமே அனுமதி; கை தவறி அழித்துவிட இயலாது. அக்குரலின் மற்றொரு பிரதியைத் தனி வன்தட்டில் எடுத்து, ராயபுரத்திலுள்ள தங்கை வீட்டில் வைத்தோம்.

அன்புச் சகோதர சகோதரிகளே! உங்கள் வீட்டிலும் இப்படியொரு பெட்டி இருக்குமானால், அதன் கதவு யாருக்கெல்லாம் திறந்திருக்கிறது என்று இன்றே பாருங்கள். குடும்பத்தின் படமும் பத்திரமும் அமானிதங்களே. திறக்காத கதவை எண்ணிக் கலங்கிய எனக்கு, திறந்தே கிடந்த கதவைக் காட்டித் தந்தது அந்தத் தடைதான்.

அடுத்த வியாழனன்று மகள் அம்மாவின் அருகில் அமர்ந்து கடவுச்சொல்லை இடச் சொல்லிக் கொடுத்தாள். அம்மா ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார்கள். கோப்புறை திறந்தது. அத்தாவின் குரல் சலாம் சொன்னது.

"வ அலைக்குமுஸ்ஸலாம்" என்றார்கள் அம்மா.