ஸ்குரு டிரைவர் வைத்தால் ஸ்டார்ட் ஆகும் டிராக்டர்

வாசகர் கேள்விகளில் ஒன்றை எனக்கு அனுப்பியிருந்தார்கள். ‘எங்கள் டிராக்டரில் சாவியைத் திருப்பினால் எந்தச் சத்தமும் இல்லை. லைட், ஹாரன் எல்லாம் நன்றாக வேலை செய்கின்றன. செல்ஃப் மோட்டாரில் ஸ்குரு டிரைவரை வைத்துத் தொட்டால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. மெக்கானிக் புது செல்ஃப் மோட்டார் போடச் சொல்கிறார். போட வேண்டுமா, இப்படியே ஓட்டலாமா?’

கேள்வி பதில் பக்கத்தில் நான்கு வரியில் எழுதிவிடலாம். ஆனால், அந்த ஸ்குரு டிரைவர் வேலையை நானும் செய்தவன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

விளாங்குடி மதுரை மாநகராட்சியில் சேர்ந்தது 2011-ல்தான். நான் வேளாண்மைக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த 1990-களின் தொடக்கத்தில், இப்போது வரிசையாக வீடுகள் நிற்கும் இடத்தில் நெல் வயல்கள் இருந்தன. எங்கள் சித்தப்பாவிடம் ஒரு பழைய டிராக்டர். நாற்றுக்கு இருபத்தைந்து நாள் தாண்டிவிட்டது. முறைத் தண்ணீர் வயலில் நிற்கிறது. மறுநாள் நடவுக்குப் பெண்களுக்குச் சொல்லியாகிவிட்டது. அன்று தொளி அடித்தே ஆக வேண்டும்.

சித்தப்பா காலையில் ஒரு வயலை முடித்துவிட்டு, சாப்பிட வண்டியை நிறுத்திப் போனார். அவர் வருவதற்குள் அடுத்த வயலைத் தொடங்கிவிடலாம் என்று நான் சாவியைத் திருப்பினேன். ஒரு சத்தமும் இல்லை. டூல் பாக்ஸிலிருந்து ஸ்குரு டிரைவரை எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கினேன். டிரைவர்கள் செய்வதைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான் என் பயிற்சி. செல்ஃப் மோட்டார் இருப்பது இன்ஜினின் பக்கவாட்டில். அதைத் தொட நின்றால் பெரிய சக்கரம் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கும். அன்று மாட்டியிருந்தது இரும்பு கேஜ் வீல்.

தொட்டேன். இன்ஜின் பிடித்தது. பிடித்த வேகத்திலேயே வண்டி நகர்ந்தது.

நான் பக்கவாட்டில் சேற்றில் விழுந்தேன். கைலியைச் சக்கரம் இழுத்துக் கிழித்துக்கொண்டு போனது. கால் தப்பியது. ஆளில்லாத டிராக்டர் நேராகப் போய் வரப்பில் ஏறி, வாய்க்காலில் மூக்கைக் குத்தி நின்றது. அந்த வரப்பில்தான் என் தம்பி கஞ்சி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தண்ணீர் மொண்டு வர அப்போதுதான் எழுந்து போயிருந்தான். தூக்குவாளி தகடாகக் கிடந்தது.

சத்தம் கேட்டு ஓடிவந்த சித்தப்பா என்னை ஒன்றும் சொல்லவில்லை. வண்டியில் ஏறி லீவரைத் தொட்டுப் பார்த்தார். “கியர்ல கெடக்குடா” என்றார். நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கிளட்சை மிதித்து, சாவியைத் திருப்பினார். ஸ்டார்ட் ஆகிவிட்டது.

வண்டியில் பழுதே இல்லை. கியரில் இருக்கும்போது செல்ஃப் மோட்டாருக்குக் கரண்ட் போகாமல் தடுக்க ஒரு சின்ன சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். சில வண்டிகளில் அது கியர் லீவரோடு இருக்கும், சிலவற்றில் கிளட்ச் பெடலில், சிலவற்றில் பி.டி.ஓ. லீவரிலும்கூட. அந்த சுவிட்ச் தன் வேலையைச் செய்தது. நான்தான் அதைத் தாண்டிப் போனேன். இது நம்மூர்த் தவறு மட்டுமல்ல. அமெரிக்காவிலும் இப்படி உயிர்கள் போனதால்தான், இருக்கையில் உட்கார்ந்து மட்டும் ஸ்டார்ட் செய்யச் சொல்லும் எச்சரிக்கையை ஸ்டார்ட்டர் மோட்டார் பக்கத்திலேயே ஒட்டுகிறார்கள்.

இப்போது வாசகரின் வண்டிக்கு வருகிறேன். நீங்கள் செய்தது ஆபத்தான காரியம். ஆனால், அது ஓர் உண்மையைச் சொல்லிவிட்டது. ஸ்குரு டிரைவர் வைத்ததும் மோட்டார் நன்றாகச் சுற்றி இன்ஜின் பிடிக்கிறது என்றால் பேட்டரி, தடித்த கேபிள், எர்த், மோட்டார் நான்கும் சரியாக இருக்கின்றன. பிறகு எதற்குப் புது மோட்டார்? கோளாறு, சாவியிலிருந்து செல்ஃப் மோட்டாருக்கு வரும் மெல்லிய ஒயர்ப் பாதையில் இருக்கிறது. அந்தப் பாதையில் இருப்பவை: ஃப்யூஸ், சாவி சுவிட்ச், நான் சொன்ன பாதுகாப்பு சுவிட்ச், சில வண்டிகளில் ஒரு ரிலே, நடுவில் உள்ள கனெக்டர்கள். வைக்கோல் போரை ஒட்டி வண்டியை நிறுத்துகிறவர்கள் எலியையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சோதிப்பது எளிது. 12 வோல்ட் பல்பு ஒன்றில் இரண்டு ஒயர் இணைத்துக்கொள்ளுங்கள். கியர் நியூட்ரல், பி.டி.ஓ. ஆஃப், ஹேண்ட் பிரேக் போட்டாயிற்றா என்று பாருங்கள். செல்ஃப் மோட்டாரில் உள்ள மெல்லிய ஒயரை முதலில் கழற்றிவிடுங்கள். அப்போதுதான் சாவியைத் திருப்பினாலும் இன்ஜின் ஓடாது, பயமில்லாமல் பக்கத்தில் நிற்கலாம். பல்பின் ஒரு முனையை இன்ஜினின் சுத்தமான இரும்பில் வையுங்கள், மறு முனையைக் கழற்றிய ஒயரில் வையுங்கள். இருக்கையில் ஒருவர் உட்கார்ந்து, கிளட்சை முழுதாக மிதித்து சாவியைத் திருப்பட்டும். பல்பு எரியாவிட்டால் பின்னோக்கி வாருங்கள். பாதுகாப்பு சுவிட்சின் இரண்டு ஒயரில் ஒன்றில் எரிந்து மற்றதில் எரியவில்லை என்றால் கோளாறு அங்கேதான். அதற்காக உடனே மாற்றிவிடாதீர்கள். பெடல் அந்த சுவிட்சை முழுதாக அழுத்துகிறதா என்று குனிந்து பாருங்கள். சேறு காய்ந்து அடைத்திருப்பதும் உண்டு.

சுவிட்ச் கெட்டிருந்தால் அதே சுவிட்சை வாங்கிப் போடுங்கள். “டைரக்ட் குடுத்துட்டேன் அண்ணே, இனிமே தொந்தரவு இல்ல” என்று இரண்டு ஒயரையும் முறுக்கி டேப் சுற்றித் தருவார்கள். வாங்கிக்கொள்ளாதீர்கள். பழைய டிராக்டர் வாங்குகிறவர்கள் இதை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. கிளட்ச் மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் மாடலாக இருந்தால், இருக்கையில் உட்கார்ந்து, நியூட்ரலில், கிளட்சை மிதிக்காமல் சாவியைத் திருப்புங்கள். ஸ்டார்ட் ஆனால் யாரோ டைரக்ட் கொடுத்திருக்கிறார்கள்.

சாவியைத் திருப்பும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வந்தாலோ, இன்ஜின் இழுத்து இழுத்துச் சுற்றினாலோ அது வேறு கதை. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் அணைகிற மாதிரி மங்கினால் பேட்டரியையோ டெர்மினலையோதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஓய்ந்திருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.4-க்குக் கீழே போனால் சார்ஜ் போடுங்கள். டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் பூப்பைச் சமையல் சோடா கலந்த வெந்நீரில் கழுவலாம், பேட்டரி மூடிக்குள் மட்டும் அந்தத் தண்ணீர் போகக் கூடாது. கழற்றும்போது நெகட்டிவை முதலில் கழற்றி, மாட்டும்போது கடைசியில் மாட்டுங்கள். வரிசை மாறி, பாசிட்டிவைக் கழற்றும் ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். பேட்டரியில் ஹைட்ரஜன் வாயு இருக்கும், பீடியைத் தள்ளி வைத்துவிட்டு வாருங்கள். நெகட்டிவ் கேபிள் சேஸில் முடுக்கியிருக்கும் இடத்தையும் கழற்றி, துருவைச் சுரண்டிவிட்டு முடுக்குங்கள். பல பேர் பேட்டரியை மாற்றிய பிறகுதான் இந்த போல்ட்டைப் பார்க்கிறார்கள்.

பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும். நம் பக்கத்து போர்த் தண்ணீரை ஊற்றினால் அதிலுள்ள உப்பே தகடுகளைக் கெடுத்துவிடும். டிராக்டரில் பாட்டுப்பெட்டியும் கலர் லைட்டும் மாட்டும் தம்பிகளிடம் நான் சண்டைக்குப் போவதில்லை. இன்ஜினை நிறுத்திவிட்டு இரண்டு மணி நேரம் பாட்டுக் கேட்டால் காலையில் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டியிருக்கும் என்று மட்டும் சொல்வேன்.

கேள்வி கேட்ட வாசகர் மெல்லிய ஒயரைக் கழற்றிச் சோதித்துவிட்டு, பல்பு எந்த இடத்தில் எரிந்தது, எந்த இடத்தில் எரியவில்லை என்று எழுதுங்கள். வண்டியின் மாடலையும் சேர்த்து எழுதுங்கள். அதுவரை அந்த ஸ்குரு டிரைவர் டூல் பாக்ஸிலேயே இருக்கட்டும்.