கருணை யாருடையது?

ஆழிப்பேரலைக்குப் பிந்திய 2005இல் மட்டக்களப்பில் ஆங்கிலக் கடிதம் எழுதத் தெரிந்தவர்களுக்குத் தனி மவுசு வந்தது. நாவலடியிலும் கல்லடியிலும் வீட்டையும் தோணியையும் பறிகொடுத்தவர்கள் வெளிநாட்டு நிறுவனங்களின் வாசலுக்குக் கடிதத்தோடு போகவேண்டியிருந்தது.

"ஒரு கடிதம் எழுதித் தா மனே" என்று வரும் ஆச்சிமாரின் பேச்சில் கெஞ்சல் இருக்காது. தாளில் இறங்கும்போதுதான் முதுகு வளையும். "ஐ கைன்ட்லி றிக்குவெஸ்ட் ஃபோர் எ போட்" என்று தொடங்கி, "யுவர் ஒபீடியன்ட் சேர்வன்ட்" என்று முடியும். வெள்ளைக்காரன் காலத்து மனுக்களின் மிச்சம் அது. அந்த மனுக்கள் போய்ச்சேர்ந்த கச்சேரி, அதாவது மாவட்ட அரச அலுவலகம், நெடுங்காலம் இயங்கியதோ கோட்டைக்குள்: 1628இல் போர்த்துக்கீசர் கட்டி, பத்து வருடத்தில் ஒல்லாந்தர் பிடித்து, பிறகு ஆங்கிலேயர் கைக்குப் போன கோட்டை. குனிந்து போகப் பழக்கிய வாசல்.

றிக்குவெஸ்ட் வினையாக வந்தால் 'ஃபோர்' வேண்டாம்; பெயராக வந்தால் வேண்டும். 'கைன்ட்லி' இன்னும் வேடிக்கை. யாருடைய செயலை ஒட்டி அது நிற்கிறதோ, கருணை அவருடையது. அந்த வரிப்படி, வீடிழந்தவர் நிறுவனத்துக்குக் கருணை காட்டுகிறார்! பரவலாக எழுதுகிறார்கள், பிழையென்று அடித்துச் சொல்லமாட்டேன். (அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு, நிறுவனங்கள் பெயர்ப்பலகை நட இவர்கள்தானே இடம் கொடுத்தார்கள்.)

எனக்குப் பிடித்தது "ஐ வுட் பி கிரேட்புல் இஃப் யூ குட்" என்ற அமைப்பு. வுட்டும் குட்டும் இறந்தகால உருவங்கள்தாம், ஆனால் நடந்து முடிந்ததைச் சொல்லவில்லை. கேட்பதைச் சற்றுத் தள்ளிவைத்து, மறுக்கவும் இடம் விடுகின்றன. நம்மவர் "ஏலுமெண்டால் தாங்க" என்பதும் இதைத்தான் செய்கிறது. வுட் போட்டபின் 'இஃப் யூ வில்' என்று எழுதினால் காலம் இடிக்கும். 'வுட் அப்ரிஷியேட்' என்றால் 'இஃப்'புக்கு முன் ஓர் 'இட்' வரவேண்டும். பலர் அதை விழுங்கிவிடுவார்கள்.

ஆனால் உரித்தான கொடுப்பனவு தாமதமாகும்போது எழுதும் கடிதத்தில் இந்தப் பணிவெல்லாம் எதற்கு? அங்கே நான் கிரேட்புல் போடுவதில்லை. ஒரு 'ப்ளீஸ்', பதிவு இலக்கம், திகதி. மறுக்க இடம் விடக்கூடாத இடத்தில் 'இஃப்' வரவே கூடாது.

ஆச்சிமாருக்கு இது பிடிக்காது. வாசித்துப் பொருள் சொன்னதும், "இன்னும் கொஞ்சம் பணிஞ்சு எழுது மனே, பெரிய ஆக்கள் கோவிப்பாங்க" என்பார்கள். 'யுவர்ஸ் ஃபெய்த்புலி'யைக் காட்டி, விசுவாசமாய்த்தான் முடித்திருக்கிறேன் என்று சமாளிப்பேன். பாதிப்பேர்தான் நம்புவார்கள்.